பரணில் கிடக்கும் 14 அங்குல இலவச டிவி: பழைய கேம் கன்சோலுக்கு எப்படி?

பழைய வீடியோ கேம் கன்சோல் சேர்ப்பவர்களுக்குக் காவிரி டெல்டாவில் கிடைக்கும் சரியான திரை எது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிதான் அது. எல்.சி.டி வந்ததும் ஓரம் கட்டப்பட்ட இந்தப் பெட்டி, 8-பிட், 16-பிட் கேம்களுக்கு இன்றைய 43 அங்குலத் திரையைவிடப் பல மடங்கு பொருத்தமானது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட முடியாது. டெல்டாவின் ஈரமும் கடலோர உப்பும் இந்த டிவிக்குள் என்ன செய்திருக்கின்றன என்று பார்க்கத் தெரிந்தால்தான் நல்ல செட் கையில் சிக்கும்.

முதலில், ஏன் இது? பழைய கன்சோல்கள் படத்தை வரிசை விட்டு வரிசை பிரித்து அனுப்புவதில்லை. நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற 8-பிட் கன்சோலின் படம் 256-க்கு 240 புள்ளி. அதை ஒவ்வொரு ஃபீல்டிலும், அதாவது திரையை மேலிருந்து கீழாக வரையும் ஒவ்வொரு தடவையும், அதே கோடுகளின் மேலேயே மறுபடி மறுபடி வரைகிறது. பிக்சர் டியூப் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். எல்.சி.டி டிவியோ, வருவது கேபிள் ஒளிபரப்புதான் என்று நினைத்து, இரண்டு ஃபீல்டுகளைச் சேர்த்து ஒரு படமாக்கப் பார்க்கும். விளைவு இரண்டு. ஒன்று, பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிப்பான். இரண்டு, அடிபட்டவுடன் மினுக்கி மினுக்கிக் காட்டும் பாத்திரமும், ஒரு ஃபீல்டு விட்டு ஒரு ஃபீல்டு வரும் நிழலும் சில எல்.சி.டிகளில் முற்றிலும் காணாமல் போகும், அல்லது நிலையாகக் கீறல் விழுந்ததுபோல் நிற்கும். இந்த 14 அங்குலப் பெட்டியில் இரண்டு தொல்லையும் கிடையாது. உள்ளே படத்தைத் தேக்கிவைக்கும் நினைவகமே இல்லை. வந்த சிக்னல் வந்த கணத்தில் கண்ணாடியில் ஒளியாகிறது.

துப்பாக்கி விளையாட்டுக்கு இதைவிட்டால் வேறு வழியே இல்லை. 'டக் ஹன்ட்' போன்ற கேமில் துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கிறது. நிண்டெண்டோவின் அசல் துப்பாக்கியில் இருக்கும் சுற்று, பிக்சர் டியூபின் கோட்டு வேகமான ஏறத்தாழ 15 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைத்தான் எதிர்பார்க்கும். எல்.சி.டியில் அந்தத் துடிப்பு இல்லை, வெளிச்சமும் தாமதமாக வருகிறது. ஆகவே எத்தனை முறை சுட்டாலும் படாது. நம் ஊர் 8-பிட் செட்டுகளோடு வந்த துப்பாக்கிகளில் பல இந்த வடிகட்டி இல்லாத மலிவான சுற்றுக் கொண்டவை. அவற்றைக் குண்டு பல்புக்கு நேராக நீட்டினாலும் சில நேரம் 'பட்டது' என்று காட்டலாம். அறையின் விளக்கை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. மஞ்சள் கேபிள் வழியாக வரும் காம்போசிட் சிக்னல் கொஞ்சம் குழைவானது. அந்தக் குழைவை நம்பியே பல கேம்களைச் செய்தார்கள். சேகாவின் 16-பிட் கன்சோலான மெகா டிரைவில் 1991-ல் வந்த 'சோனிக்' கேமில் அருவியை ஒன்றுவிட்டு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகளால்தான் வரைந்திருக்கிறார்கள். காம்போசிட்டில் பிக்சர் டியூபில் பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராக மாறும். கூர்மையான எல்.சி.டியில் அதே அருவி கம்பி வேலியாகத் தெரிகிறது.

எந்தக் கன்சோல் எப்படிச் சேரும்

இந்த டிவிகளைப் பல நிறுவனங்கள் செய்து கொடுத்தன. அதனால் உள்ளே இருக்கும் சேசிஸ், அதாவது சுற்றுப் பலகை, ஒன்றுபோல் இருக்காது. பெரும்பாலானவற்றில் படத்துக்கு ஒரு மஞ்சள், ஒலிக்கு ஒரு வெள்ளை ஆர்.சி.ஏ துளை இருக்கும். ஒலி மோனோ. பிளேஸ்டேஷன் போன்ற ஸ்டீரியோ கன்சோலின் வெள்ளையை மட்டும் செருகினால் வலப்பக்க ஒலி போய்விடும். இரண்டையும் நேரடியாக முறுக்கி ஒன்றாக்கவும் கூடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 1 கிலோ ஓம் மின்தடை ஒன்று வைத்து, அதன் பிறகு சேர்த்து வெள்ளைத் துளைக்குக் கொடுங்கள். செலவு சில ரூபாய்தான்.

டெல்டாவில் அதிகம் கிடைப்பது 60 பின் கேசட் போடும் 8-பிட் செட். சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் வந்தவை எல்லாம் 1983-ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் வம்சம்தான். இந்தியாவுக்கு வந்த நகல்கள் நம் டிவிகளின் பால் (PAL) முறையில் 50 ஹெர்ட்ஸில் ஓடும். 60 ஹெர்ட்ஸுக்கு எழுதப்பட்ட கேம் அதில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடக்கும். நகல் சிப்பின் கடிகாரம் அசல் ஜப்பான் செட்டுக்கு மிக அருகில் இருப்பதால் பாட்டின் சுருதி கிட்டத்தட்ட மாறாது, தாளம் மட்டும் தளரும். நம் ஊரில் வளர்ந்தவர்களின் காதுக்கு அந்தத் தளர்ந்த தாளம்தான் பழக்கம்.

இந்த நகல்களின் படத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரிவது வழக்கம். டிவியைக் குறை சொல்ல வேண்டாம், கன்சோல் போர்டின் வீடியோ பாதையில் கலக்கும் இரைச்சல் அது. வேறு கன்சோலைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒலியில் 'ம்ம்' என்ற முனகல் வந்தால் அடாப்டரைப் பாருங்கள். கூட வந்த மலிவான அடாப்டரில் சீராக்கி கிடையாது. 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது மீட்டரில் 12, 13 காட்டும். அந்த உபரி வோல்ட் முழுக்கக் கன்சோலுக்குள் இருக்கும் 7805 ரெகுலேட்டரில் வெப்பமாகிறது. 9 வோல்ட், 1 ஆம்பியர் சீரான அடாப்டர் வாங்கிப் போடுங்கள், ஆனால் பிளக்கின் நடுமுனை நேரா எதிரா என்று கன்சோலின் அடியில் இருக்கும் படத்தைப் பார்த்த பிறகே.

இந்த முனை விஷயம் மற்ற கன்சோல்களில் இன்னும் ஆபத்து. அசல் ஃபேமிகாம் 10 வோல்ட் டி.சி, நடுவில் எதிர்முனை. ஐரோப்பிய, அமெரிக்க நிண்டெண்டோ என்.இ.எஸ் 9 வோல்ட் ஏ.சி. மெகா டிரைவ் முதல் மாடலுக்கு நடுவில் எதிர்முனை, இரண்டாம் மாடலுக்கு நடுவில் நேர்முனை. ஜப்பானிலிருந்து வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, 230-ல் செருகினால் அந்த நொடியே போய்விடும். ஜாய்ஸ்டிக் விஷயத்திலும் கவனம் வேண்டும். 8-பிட் நகல்களின் 9 பின் பிளக்கும் மெகா டிரைவின் 9 பின் பிளக்கும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், உள்ளே இணைப்பு வேறு. மாற்றிச் செருகாதீர்கள்.

மெகா டிரைவ் முதல் மாடலின் பின்பக்க ஏவி துளையில் மோனோ ஒலிதான் வரும். ஸ்டீரியோ வேண்டுமானால் முன்னால் இருக்கும் ஹெட்ஃபோன் துளை. இந்த டிவிக்கு மோனோவே போதும் என்பதால் கூடுதல் வேலை ஒன்றும் இல்லை. பிளேஸ்டேஷன் ஒன்றும் இரண்டும் அப்படியே செருகி விளையாடலாம். பிஎஸ் 2-ல் சில கேம்கள் 'புரோகிரசிவ் ஸ்கேன் வேண்டுமா' என்று கேட்கும், 'இல்லை' என்று சொல்லுங்கள். அந்த 31 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை இந்த டிவியால் பிடிக்க முடியாது.

ஜப்பான், அமெரிக்கக் கன்சோல்கள் என்.டி.எஸ்.சி முறையில் நிறத்தை 3.58 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். பால் முறை 4.43 மெகாஹெர்ட்ஸ். ஒற்றைச் சிப் சேசிஸ் உள்ள செட்டுகள் பலவும் இரண்டையும் ஏற்கும், மெனுவில் கலர் சிஸ்டத்தை 'ஆட்டோ'வில் வைத்தால் போதும். படம் நிலையாக நின்று நிறம் மட்டும் வரவில்லையென்றால் அந்த செட் பால் மட்டும்தான் என்று அர்த்தம். வேறு செட் தேடுவதே நல்லது, அதற்காக மாற்றுப் பெட்டி வாங்கிச் செருகினால் படத்தின் தரம் போய்விடும்.

ஆண்டெனா துளை வழியாக மட்டும் படம் தரும் பழைய ஃபேமிகாமில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜப்பானின் 1-ஆம் சேனல் 91.25 மெகாஹெர்ட்ஸ். நம் டியூனர் கேபிள் சேனல்களைத் தேடும்போது படத்தைப் பிடித்துவிடும். ஒலி வராது, வெறும் இரைச்சல்தான். காரணம், அவர்களுடைய ஒலி படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது, நம்முடையது 5.5. அதனால் அந்தக் கன்சோலுக்கு ஏவி வெளியீடு போட்டாக வேண்டும்.

வீட்டுக் கணினிகளில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே யூ.எச்.எஃப் 36-ஆம் சேனலில், 591 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், படம் தரும். அதன் ஒலி உள்ளேயே இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் வருவதால் டியூனரின் ஒலி வேறுபாடு தடையில்லை. ஆனாலும் படத்தை ஆண்டெனா சிக்னலாக மாற்றும் மாடுலேட்டருக்குள் செல்லும் வீடியோ கம்பியை நேரே வெளித்துளைக்கு இழுத்து ஏவி ஆக்கிக்கொண்டால் எழுத்துகள் நன்றாகத் தெளியும். ஸ்பெக்ட்ரமின் கீழ் 16கே நினைவகச் சிப்புகளுக்கு 12, 5, கழித்தல் 5 என்று மூன்று மின்னழுத்தம் வேண்டும். கழித்தல் 5 விழுந்துவிட்டால் சிப்புகள் எரியும். முதல் முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பகுதியைச் சோதித்துவிடுங்கள்.

1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினி எப்போதாவது பழைய பொருளாகக் கையில் வரும். அதன் காம்போசிட் வெளியீடு தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் கறுப்பு வெள்ளைதான், போர்டில் ஓர் இணைப்பை மாற்றினால் நிறம் வரும். அதைவிட முக்கியம் பவர் சப்ளை. மெயின்ஸ் வரும் இடத்தில் ஒளி ஊடுருவும் மஞ்சள் உறை போட்ட காகிதக் கண்டென்சர்கள் இருக்கும். உறையில் மயிரிழை வெடிப்பு விழுந்து காகிதம் ஈரம் குடித்துவிடும். மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் 'டப்' என்று வெடித்து அறை முழுக்கப் புகை. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இது நடக்குமா என்ற சந்தேகமே வேண்டாம். செருகுவதற்கு முன் 0.1, 0.01 மைக்ரோ ஃபாரட் அளவில் மெயின்ஸுக்கு ஏற்ற எக்ஸ் 2 வகைக் கண்டென்சர்களாக மாற்றிவிடுங்கள்.

எந்த ஊர் செட், எப்படிப்பட்ட செட்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவையாறு, மன்னார்குடிப் பக்கம் பரணில் இருந்த செட்டுக்கு முதல் இடம். நாகப்பட்டினம், வேதாரண்யம், முத்துப்பேட்டைக் கரையோரச் செட்டை விலையே இல்லாமல் கொடுத்தாலும் இரண்டு முறை யோசியுங்கள். வேதாரண்யம் உப்பளப் பக்கம் காற்றிலேயே உப்பு. அது போர்டின் செம்பில் பச்சைக் களிம்பாகவும், டியூனர் தகரத்தில் துருவாகவும், பிக்சர் டியூபின் மேலே உயர் மின்னழுத்தக் கம்பி சேரும் ரப்பர் மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பாகவும் படியும். அந்த மூடியில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். உப்புப் படலம் ஈரமானால் மின்சாரம் கண்ணாடி மேலேயே வழி தேடும். 'ஸ்ஸ்' என்ற சத்தம், இருட்டில் நீல ஒளி, மூக்கில் ஏறும் ஓசோன் வாடை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே பிளக்கை எடுத்துவிடுங்கள்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபோது ஓடும் கூரையும் போன வீடுகள் ஏராளம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டி வரை இந்த டிவிகள் நனைந்திருக்கின்றன. வெயிலில் காயவைத்த பிறகு படம் வந்திருக்கலாம், ஆனால் டியூபின் கழுத்தைச் சுற்றி இருக்கும் யோக்கின் செம்புச் சுருளுக்கு இடையில் போன தண்ணீர் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். பின் மூடியின் உள்பக்க அடிப்பாகத்தில் சேறு படிந்த நீர்மட்டக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துக் காற்றுத் துளை வழியே பாருங்கள். கோடு இருந்தால் அந்த செட் வேண்டாம்.

உயிரினங்கள் இன்னொரு பக்கம். ஏவி துளைகளைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். பிளக் பாதிதான் உள்ளே போகிறது, படம் விட்டுவிட்டு வருகிறது என்றால் முதல் சந்தேகம் இதுதான். தண்ணீர் ஊற்றிக் கரைக்காதீர்கள், மண் உள்ளே இறங்கிவிடும். மூங்கில் பல்குச்சியால் உலர்ந்த மண்ணைச் சுரண்டி எடுத்து, பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். உள்ளே பல்லி முட்டை, எறும்புப் புற்று, எலி கடித்த கம்பி இருந்தாலும் சரிசெய்யலாம். ஆனால் டியூபின் கழுத்துப் பகுதியில் எலி கடித்திருந்தால் அதை மெக்கானிக் பார்க்காமல் போடவே கூடாது.

வீட்டில் ஏற்கனவே ஒரு டிவி இருந்து, இரண்டாவதாக வந்து ஓடாமலே கிடந்த செட்தான் தேட வேண்டியது. காலை முதல் இரவு வரை சீரியல் ஓடிய செட்டில் டியூபின் வலு தேய்ந்திருக்கும், மூலையில் சேனல் சின்னம் பதிந்தும் இருக்கலாம். காயலாங்கடையில் எடுப்பதென்றால் சீக்கிரம் போங்கள். செம்புக்காக அவர்கள் முதலில் கழற்றுவது யோக்கைத்தான். யோக் நகர்ந்த டியூபில் மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாது. அதை வீட்டில் வைத்துத் திருப்பிச் சரிசெய்வது நடக்காத காரியம். ஓடும் செட்டுக்கு 500 ரூபாய்க்கு மேல் கொடுப்பது அவசியமில்லை என்பது எங்கள் கணிப்பு.

வாங்கும் இடத்திலேயே செய்ய வேண்டிய சோதனை

ஒரு 8-பிட் செட், ஒரு கேசட், அடாப்டர், ஏவி கேபிள் கையோடு எடுத்துப் போங்கள். விற்பவர் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால் அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். சூடாக இருக்கும் டியூப் உண்மையைச் சொல்லாது.

ஆறிய செட்டைப் போட்டவுடன் 'டம்' என்று ஓர் அதிர்வு கேட்க வேண்டும். கண்ணாடியில் ஏறிய காந்தத்தை நீக்கும் சுருள் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கேட்காவிட்டால் பெரும்பாலும் அந்தச் சுருளுக்கு மின்சாரம் விடும் போசிஸ்டர் போயிருக்கும், மலிவான உதிரிப்பாகம்தான். பத்துப் பதினைந்து நொடியில் படம் முழு வெளிச்சத்துக்கு வர வேண்டும். ஒரு நிமிடம் ஆகிறது, வெள்ளை எழுத்து வெள்ளியைப் போல மினுங்குகிறது, முகங்கள் பூசி மெழுகியது மாதிரி இருக்கின்றன என்றால் டியூப் தேய்ந்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை.

பிறகு முழுத் திரையும் ஒரே நிறமாக இருக்கும் கேம் காட்சி ஒன்றைப் போட்டு மூலைகளைப் பாருங்கள். ஓர் ஓரத்தில் மட்டும் வேறு நிறத் திட்டு இருந்தால் ஸ்பீக்கரோ காந்தமோ பக்கத்தில் இருந்திருக்கிறது. நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் நன்றாக ஆறவிட்டு, போட்டு அணைத்தால் போய்விடும். போகவில்லையென்றால் கீழே விழுந்து உள்ளே இருக்கும் துளைத் தகடு வளைந்த செட். கறுப்புத் திரையில் மேலிருந்து கீழாகச் சாய்ந்த மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் ஸ்கிரீன் குமிழ் கூடியிருக்கலாம். குறைத்தால் சரியாகிறதா என்று மெக்கானிக் பார்ப்பார்.

இருபது நிமிடம் ஓடவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள். படம் குதித்தால் எங்கோ சால்டர் விட்டிருக்கிறது. இது பயப்பட வேண்டிய குறையே அல்ல, விலை பேச நல்ல காரணம். கடைசியாக டார்ச் அடித்து, பின்பக்கத் துளை வழியே டியூபின் கழுத்துக்குப் பக்கம் பாருங்கள். கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு ஒன்று பளபளக்க வேண்டும். அது பாலைப் போல வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்த டியூப்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பஜார்களில் டிவி மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். கையில் எல்.இ.டி போர்டு இருந்தாலும் இந்த சேசிஸ் அவர்களுக்கு மனப்பாடம். 'படம் வருது, பார்த்துக் கொடுங்கண்ணே' என்று பொதுவாகச் சொன்னால் தூசி தட்டிக் கொடுத்துவிடுவார்கள். இன்னின்ன செய்யுங்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

எல்.ஓ.டி (டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) கால்கள், அதற்கு முன்னால் இருக்கும் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர், வெர்டிகல் ஐசி (படத்தை மேலும் கீழும் விரிக்கும் சிப்), யோக் பிளக், ஏவி துளைகள் ஆகிய ஐந்து இடத்திலும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகச் சால்டர் வைக்கச் சொல்லுங்கள். மேலே ஈயம் தடவுவது போதாது. படம் ஒரே கிடைக்கோடாகச் சுருங்குவதற்கும், தட்டினால் குதிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த இடங்களில்தான். கண்டென்சர்களில் முதலில் மாற்ற வேண்டியவை மூன்று: எஸ்.எம்.பி.எஸ் என்ற பவர் சப்ளையின் முதன்மைப் பக்கம் இருக்கும் சிறிய 50 வோல்ட் கண்டென்சர், பி பிளஸ் என்ற முக்கிய மின்னழுத்த வரியில் இருக்கும் 160 வோல்ட் கண்டென்சர், வெர்டிகல் ஐசிக்குப் பக்கத்தில் இருப்பவை. முதலாவது காய்ந்தால் செட் துடித்துத் துடித்து எழும்பாது. இரண்டாவது காய்ந்தால் படத்தின் ஓரம் பாம்பு போல நெளியும். மூன்றாவது காய்ந்தால் மேல் பகுதி மடிந்து, ஸ்கோர் எழுத்து ஒன்றின்மேல் ஒன்று விழும். போர்டில் எழுதியிருக்கும் மதிப்பே போட வேண்டும், 105 டிகிரி வகையாக இருக்க வேண்டும். 85 டிகிரிக் கண்டென்சர் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது சீக்கிரம் காயும்.

வேலை முடிந்ததும் பி பிளஸ் வோல்டேஜை மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த அளவு செட்டில் பொதுவாக 110 வோல்ட் பக்கம் இருக்கும், சரியான எண் போர்டிலேயே அச்சிட்டிருக்கும். அது கூடியிருந்தால் லைன் டிரான்சிஸ்டரும் எல்.ஓ.டியும் அடுத்தடுத்துப் போகும்.

மூடியைத் திறந்து நீங்களே கை வைக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். பிளக்கை எடுத்த பிறகும் எஸ்.எம்.பி.எஸ் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், டியூபின் கண்ணாடியே ஒரு கண்டென்சராக மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். கன்சோலைத் திறந்து பழகியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். கன்சோலுக்குள் இருப்பது 5 வோல்ட், இது வேறு உலகம்.

மெக்கானிக்குகள் பயன்படுத்தும் மறைவான மெனுவான சர்வீஸ் மோடில் படத்தின் உயரம், அகலம், இருப்பிடம் மூன்றையும் திருத்தலாம். இந்த டிவிகள் ஓரத்தைக் கொஞ்சம் மறைத்துத்தான் காட்டும். மேல் வரியில் ஸ்கோர் எழுதும் கேம்களில் பாதி எழுத்து போய்விடும். திருத்துவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஆப்ஷன்' என்ற வரிசையைத் தொடவே வேண்டாம், அங்கே ஓர் எண் மாறினால் ஏவி துளையே அணைந்துபோகும். அதேபோல் 50 ஹெர்ட்ஸில் திருத்திய உயரம் 60 ஹெர்ட்ஸ் கன்சோலுக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதிகம் விளையாடும் கன்சோலை வைத்துத் திருத்துங்கள்.

சிலர் ஆர்.ஜி.பி உள்ளீடு போடுவார்கள். ஒற்றைச் சிப் சேசிஸில் மெனு எழுத்து வரும் பாதையில் சிக்னலைக் கலக்கிவிட்டால் படம் அபாரமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த சேசிஸின் சுற்று வரைபடம் கையில் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். இந்த 14 அங்குலத்தில் நல்ல காம்போசிட்டே போதுமானது.

21 அங்குலத் தட்டைத் திரை பிக்சர் டியூப் செட்டோடு ஒப்பிட்டால்? பெரிய படம், சிலவற்றில் எஸ்-வீடியோவோ காம்போனென்ட்டோ உண்டு. அது பிளேஸ்டேஷன் 2-க்கு நல்லது. ஆனால் தட்டைக் கண்ணாடியில் நேர்கோடுகள் ஓரத்தில் வளைவது சகஜம், எடை இரு மடங்குக்கும் மேல். 8-பிட், 16-பிட்டுக்கு வளைந்த 14 அங்குலமே மேல். அதைவிடப் பெரிய லாபம் உதிரிப்பாகம். ஊருக்குப் பத்து செட் சும்மா கிடப்பதால் இன்னொன்றிலிருந்து எல்.ஓ.டியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சேசிஸ் எண் ஒன்றாக இருக்க வேண்டும், பார்த்து எடுங்கள்.

மழைக்காலமும் கொண்டுவருவதும்

ஐப்பசி முதல் மார்கழி வரை வாரம் இருமுறையாவது அரை மணி நேரம் ஓடவிடுங்கள், உள்ளே எழும் சூடே ஈரத்தை விரட்டும். பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும், பருத்தித் துணி போர்த்துங்கள். கேசட்டுகளுக்கு மூடியுள்ள டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். அந்துருண்டை மட்டும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். கேசட் பின்களில் களிம்பு ஏறினால் ஆல்கஹாலும் பஞ்சும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய், அடுத்த மழைக்கு இன்னும் வேகமாகக் களிம்பு பிடிக்கும்.

வயல் பக்கம் இருக்கும் வீடுகளில் மோட்டார் ஓடும் நேரம் மின்னழுத்தம் விழும், நின்றதும் ஏறும். டிவியின் எஸ்.எம்.பி.எஸ் அதைத் தாங்கிக்கொள்ளும். பின் அட்டையில் எத்தனை முதல் எத்தனை வோல்ட் வரை என்று எழுதியிருக்கும். தாங்காதது கன்சோலின் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்தான். ஸ்டெபிலைசர் வைப்பதென்றால் அதற்கு வையுங்கள். இடி மின்னலின்போது இரண்டின் பிளக்கையும் எடுத்துவிடுங்கள், கேபிள் கம்பி இருந்தால் அதையும்.

எடை பத்துக் கிலோவுக்குப் பக்கம் இருக்கும், அதில் பெரும்பங்கு முன் கண்ணாடியில். தூக்கும்போது திரை உங்கள் நெஞ்சுப் பக்கம் இருக்க வேண்டும். காரில் தலையணை போட்டு அதன்மேல் திரை கீழ்நோக்கிப் படுக்கவைத்தால் கழுத்துக்கு அதிர்ச்சி போகாது. பஸ்ஸில் என்றால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி இருக்கையும் மேல் தட்டும் வேண்டாம். மழை நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் போட்டுப் பார்க்காதீர்கள். இரண்டு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, உயர் மின்னழுத்த மூடியைச் சுற்றி ஈரம் இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு பிளக்கைச் செருகுங்கள்.